55 சென்டிமீட்டர் கருணை

நாயை அளந்தார்கள். சிங்கப்பூர்த் தேக்காவில் தையற்கடைக்காரர் கழுத்தில் மாலைபோலத் தொங்குமே, அதே மஞ்சள் நாடா. ஒரு பெண் நாயின் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தரையில் மண்டியிட்டு, பாதத்திலிருந்து தோள்பட்டை வரை நாடாவை இழுத்தாள். இழுத்தவள் ஒரு கணம் திகைத்து என்னைப் பார்த்தாள்.

“எந்தத் தோள்?”

நியாயமான சந்தேகம். அதற்கு முன்னங்கால் ஒன்றுதான். இடது பக்கம் தோளோடு வழித்துவிட்டதுபோல் இருக்கும். தையல் போட்ட இடத்தில் மட்டும் முடி எதிர்த்திசையில் முளைத்திருக்கும். இருக்கிற வலது தோளை அளந்தார்கள். 42 சென்டிமீட்டர். இரு பெண்களும் கைதட்டினார்கள். நாயும் வாலை ஆட்டியது. தான் எந்தப் பரீட்சையில் தேறியது என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஒரு தெருநாய் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் தோள் 55 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

முன்பு இது 50 சென்டிமீட்டராக இருந்தது. கூடவே எடை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றும் விதி. 2020 மார்ச்சில் எடை வரம்பை எடுத்துவிட்டு உயரத்தில் 5 சென்டிமீட்டர் கூட்டினார்கள். அரசாங்கத்தின் இரக்கம் நாடாவில் தெரிந்தது அப்போதுதான்: சரியாக ஐந்து கோடு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீவக அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு நாய். அதுவும் எந்த நாயும் அல்ல. அங்கீகரிக்கப்பட்ட இனப் பட்டியல் இருக்கிறது, 62 இனங்கள். சிவாவா உண்டு, பொமரேனியன் உண்டு, ஷிட்சூ உண்டு, மால்டீஸ் உண்டு. திபெத்து மடத்தில் காவல் இருந்த லாசா ஆப்சோவுக்கு இடம் உண்டு. சீன அரண்மனையில் பட்டு மெத்தையில் படுத்த பெக்கினீஸுக்கு இடம் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று, இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த வெயிலிலேயே காய்ந்து, இந்தச் சாக்கடையோரத்திலேயே குட்டி போட்ட நாய். அதற்கு இந்த ஊர் வைத்திருக்கும் செல்லப் பெயர் என்ன தெரியுமா? ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்.’

நம் ஊர் ஓட்டலில் ஸ்பெஷல் மீல்ஸ் என்றால் ஒரு கூட்டும் ஒரு அப்பளமும் கூடுதல். இங்கே ஸ்பெஷல் என்றால் வாசலுக்கு வெளியே. பேரிலேயே சிங்கப்பூர் இருக்கிறது, பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நாயை வைத்திருந்து பிடிபட்டால் 4,000 வெள்ளி வரை அபராதம். விதிவிலக்காக ‘அடோர்’ என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அதன்படி, பதிவுபெற்ற நல அமைப்பு மூலம் வந்த, கருத்தடை செய்த, சில்லு பொருத்திய, தடுப்பூசி போட்ட, 55-க்குள் அடங்கும் தெருநாய், கீழ்ப்படிதல் வகுப்புக்கும் போய்வந்தால், உள்ளே வரலாம். ஐந்து தலைமுறைப் பரம்பரைச் சான்றிதழோடு வருகிற பூடில் வகுப்புக்குப் போனதா என்று யாரும் கேட்பதில்லை. அது பிறவியிலேயே ஒழுக்கமுள்ளது போலும்.

இனப் பட்டியல் எனக்குப் புதிதில்லை. 2004-ல் இங்கே சீமெய் வட்டாரத்தில் வாடகைக்கு ஓர் அறை கேட்டுப் போன் செய்தேன். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் மறுமுனை சுருதி இறங்கியது: “ஸாரி லா, ஓனர் நோ இந்தியன். குக்கிங் ஸ்மெல்.” நான் சமைக்கவே மாட்டேன், தினமும் கடைச் சாப்பாடுதான் என்றேன். அப்போதும் வேண்டாம் என்றார்கள். எத்தனை சென்டிமீட்டர் கூடிவிட்டேனோ தெரியவில்லை. அதனால் ‘அங்கீகரிக்கப்பட்ட இனம்’ என்ற சொல்லை நாய்ப் படிவத்தில் பார்த்தபோது பழைய நண்பரைப் பார்த்ததுபோல் இருந்தது. அடையாள அட்டையில் எனக்கும் ஓர் இனக்கட்டம் இருக்கிறது. 2011 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அப்பா இனம், அம்மா இனம் இரண்டையும் கோடு போட்டு எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். நாய்க்கும் அப்படி எழுதலாம் என்றால் என்னுடைய நாய்க்குக் கட்டம் போதாது. அதன் முகம் டெரியர், காது நரி, வால் யாரோ.

பூனையின் கதை இன்னும் வேடிக்கை. 1989-ல் வீவக வீடுகளில் பூனை கூடாது என்றார்கள். 35 வருடம் ஊரே பூனை வளர்த்தது. 35 வருடம் ஊரே இல்லை என்று சாதித்தது. ஜன்னலில் உட்கார்ந்து பூனை பார்த்துக்கொண்டிருக்கும், கீழே அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார், இருவரும் நாகரிகம் கருதி ஒன்றும் பேச மாட்டார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு 2 பூனை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியது. கட்டடம் எதுவும் இடியவில்லை. 35 வருடம் எதற்காகப் பயந்தோம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

கோழிகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடைக்கவில்லை. சின் மிங் வட்டாரத்தில் சுற்றித் திரிந்த கோழிகள் விடியலில் கூவுகின்றன என்று 2016-ல் 20 புகார் வந்ததாம். 2017 தொடக்கத்தில் 24 கோழிகளைக் கொன்றார்கள். புகாருக்கு ஒன்று, மேலும் நான்கு கொசுறு. சேவல் கூவுவதைக் குற்றம் என்று எழுதிக்கொடுக்க ஆள் கிடைக்கிற ஊரில், நாய் குரைக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. என் நாய் குரைப்பதே இல்லை. அது வளர்ந்த இடம் அப்படி.

அந்த இடம் சாங்கி.

சாங்கி என்றால் ஊரில் இருக்கிறவர்களுக்கு விமான நிலையம். 40 மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடிக் கூரைக்குள் கொட்டும் அருவி, பட்டாம்பூச்சித் தோட்டம், செல்பி. இங்கே இருக்கிற பழைய ஆட்களுக்குச் சாங்கி என்றால் சிறை. “அவன் சாங்கியில இருக்கான்” என்று ஒரு கிழவி சொன்னால், எந்த டெர்மினல் என்று கேட்கக் கூடாது. மூன்றாவதாக ஒரு சாங்கியும் இருக்கிறது. தகரத் தடுப்பு, மண் லாரி, பச்சை வலை போர்த்திய சாரம். ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் கால்கோள் விழா நடந்தது. வருடத்துக்கு 5 கோடிப் பயணிகளைக் கையாளுமாம். அதைச் சுற்றிலும் லோயாங் வரையிலும் எப்போதும் எங்காவது எதையாவது தோண்டிக்கொண்டே இருப்பார்கள். நாய் கிடைத்தது அப்படிப்பட்ட ஒரு கட்டுமானத் தளத்தில். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லாத் தளமும் அதேதான்.

தளத்து நாய்க்கு ஒரு வேலை உண்டு. இரவில் செப்புக் கம்பி திருட வருகிறவனைப் பார்த்துக் குரைப்பது. பகலில் குரைக்கக் கூடாது. பகலில் வருகிறவன் முதலாளி. இந்த நுணுக்கத்தைக் கற்றுக்கொண்ட நாய்தான் அங்கே பிழைக்கும். சம்பளம், மிச்சச் சோறு. தொழிலாளிகளுக்கு விடியற்காலையிலேயே கட்டி வந்துவிடுகிற கேட்டரிங் பொட்டலத்தை அவர்கள் பிரிப்பது பகல் 12 மணிக்கு. அதில் பாதியைத் தின்று வளர்ந்ததுதான் இந்த நாயும், இதோடு பிறந்த இன்னொன்றும். இரண்டுக்கும் சோறு போட்டவன் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவன். இந்த நாயை அவன் கூப்பிட்டது மணி என்று. பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னான்:

“சாம்பார் ஊசிப்போச்சான்னு எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மணிக்குத் தெரிஞ்சிரும்ணே. அது மோந்து பாத்துட்டு நகந்துட்டா நாங்களும் பொட்டலத்த மூடிருவோம்.”

உணவுத் தரப் பரிசோதனைக்கு இந்த ஊரில் ஒரு முகமையே இருக்கிறது. அறந்தாங்கித் தம்பிக்கு வாய்த்த பரிசோதகர் மணிதான்.

கால் போனது கண்ணியில். தளத்துக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டில் யாரோ காட்டுப் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு. இரண்டு நாள் மணியைக் காணோம். மூன்றாம் நாள் கம்பியை இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்தது. கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது. தம்பி தளத்து மேலாளரிடம் போய்ச் சொன்னான். அவர் சொன்ன பதிலை அவன் நடித்தே காட்டினான், கையை உதறி: “நாட் அவர் டாக்.”

திருடன் வந்த இரவுகளில் அது அவர் டாக். மருத்துவர் கட்டணம் வருகிற காலையில் நாட் அவர் டாக். வளர்ப்புப் பிராணியைக் கைவிட்டால் இங்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. கடுமையான சட்டம்தான். ஆனால் கைவிடுவதற்கு முதலில் அது உன்னுடையது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். சோறு போட்டவன் பெயரும் காகிதத்தில் இல்லை, காவல் வாங்கியவன் பெயரும் காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாததை யாரும் கைவிட முடியாது. தளம் முடிகிறது, தகரத்தைப் பிரிக்கிறார்கள், கிரேனை ஏற்றுகிறார்கள், கழிப்பறைப் பெட்டியைக்கூட எண்ணி லாரியில் வைக்கிறார்கள். நாய் மட்டும் கணக்கில் வராது.

மீட்பு அமைப்புப் பெண்கள் இருவர் வந்து தூக்கிப் போனார்கள். கால் எடுக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கேட்டு இணையத்தில் படம் போட்டார்கள். இரண்டே நாளில் சேர்ந்துவிட்டது. இந்த ஊர் கருமி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். படம் நன்றாக இருந்தால் பணம் வரும். கட்டுப் போட்ட கால், ஈரக் கண், தலை ஒரு பக்கம் சாய்ந்த கோணம். தம்பியும் 20 வெள்ளி போட்டிருக்கிறான். அது அவனுக்கு ஒரு நாள் சம்பளத்துக்குப் பக்கம்.

நாய்க்குப் புதுப் பெயரும் வைத்தார்கள்: மோச்சி. ஜப்பானியக் கொழுக்கட்டையாம். மணி என்று விண்ணப்பத்தில் போட்டால் யார் எடுப்பார்கள்?

நான் எடுத்தேன். எனக்கு அது மணி என்று அப்போது தெரியாது.

தத்தெடுப்புப் படிவம் நான்கு பக்கம். என்ன வேலை, எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், ஜன்னலுக்கு வலை உண்டா, கதவுக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, வெளிநாடு போனால் யார் பார்ப்பார்கள், குழந்தை பிறந்தால் நாயை என்ன செய்வீர்கள். எனக்கு 51 வயது. கடைசிக் கேள்விக்குச் சற்றுக் கூச்சத்தோடுதான் பதில் எழுதினேன். பிறகு வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். என் கல்யாணத்தின்போது பெண் வீட்டார் இதில் பாதி கேட்டிருந்தால் என் மனைவி தப்பித்திருப்பாள். கேலி செய்யவில்லை, அந்தப் பெண்கள் கேட்டதில் ஒரு கேள்விகூட வீண் இல்லை. பொம்மை வாங்குவதுபோல் வாங்கி, மூன்று மாதத்தில் ‘அலர்ஜி’ என்று திருப்பிக் கொண்டுவந்து தள்ளுகிறவர்களை அவர்கள் வாராவாரம் பார்க்கிறார்கள். சம்பளம் இல்லாமல், திட்டு வாங்கிக்கொண்டு, சொந்தக் காரில் சாக்கடை நாற்றம் ஏற்றிக்கொண்டு அலைகிறவர்கள் அவர்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை.

என் கோபத்தில் முதல் பங்கு நம்மவர்களுக்கு. மனைவியின் சித்தி வந்தார். நாயைப் பார்த்தார். உட்காரக்கூட இல்லை.

“ஏம்ப்பா, வளக்கறதுதான் வளக்கிற, முழுசா ஒண்ணு கிடைக்கலையா? காலங்காத்தால நொண்டி நாய் முகத்துலயா முழிக்கிறது?”

சித்தி தேய்பிறை அஷ்டமி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பைரவருக்கு வடை மாலை, மிளகு தீபம். பைரவர் எதன் மேல் வருகிறார் என்று கேட்டேன். “அது சாமி நாய்” என்றார். தருமனோடு கடைசி வரை மலை ஏறிய நாய் எந்த இனம், எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி கண்ணைக் காட்டினாள், விட்டுவிட்டேன். சித்தியின் மகன் வீட்டிலும் நாய் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது, ஆயிரக்கணக்கான வெள்ளி, மூச்சு விடவே முடியாத தட்டை மூக்கு. அந்த மூக்குக்கு மாதாமாதம் வைத்தியம். அதை யாரும் ஊனம் என்று சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கின ஊனம் லட்சணம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ‘முக்காலி’ என்று பெயர் வைத்தார்கள். மணி, மோச்சி, முக்காலி. மூன்று காலுக்கு மூன்று பெயர், கணக்குச் சரி. லிப்டில் ஏறினால் இரண்டு வகை மனிதர். ஒரு வகை மூலைக்கு ஒதுங்கும். இன்னொரு வகை நெஞ்சில் கை வைத்து, “அடடா, எவ்வளவு தன்னம்பிக்கை பாருங்கள்!” என்று உருகும். நாய்க்குத் தன்னம்பிக்கை ஒன்றும் இல்லை. அதற்கு மூத்திரம் வருகிறது, கீழே போக வேண்டும், அவ்வளவுதான். உருகுகிறவர்கள் எனக்கும் ஓர் ஆசீர்வாதம் தருவார்கள்: “நீங்க ரொம்பப் பெரிய மனசுக்காரர்.” முதல் மாதம் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் சில தெருக்கள் நடந்தால் இன்னும் சிலர் சொல்வார்களோ என்று நடையை நீட்டிய நாளும் உண்டு. இதை ஒப்புக்கொள்ள எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இனி இரண்டாம் பங்கு. தத்தெடுக்க நான் போன இடத்தைச் சொல்லவில்லையே. முன்பெல்லாம் நாய்க் காப்பகங்கள் பல பாசிர் ரிஸ் பக்கம் இருந்தன, சாங்கிக்கு அடுத்த வீடு மாதிரி. அந்த நிலம் வேறு காரியத்துக்கு வேண்டும் என்றார்கள். 2018 வாக்கில் மூட்டை கட்டி, தீவின் மறுகோடியில் இருக்கும் சுங்கை தெங்காவுக்குப் போனார்கள். அகதி முகாமே அகதியாகிப் போனது. அங்கே அரசு கட்டிக்கொடுத்த வரிசைக் கட்டடத்துக்குப் பெயர் ‘தி அனிமல் லாட்ஜ்’.

அதே வட்டாரத்தில் இன்னொரு லாட்ஜும் உண்டு. ‘சுங்கை தெங்கா லாட்ஜ்.’ அது நாய்களுக்கு இல்லை. 25,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. நாட்டிலேயே பெரிய தங்கும் விடுதி என்று பேர் வாங்கியது. 2020 ஏப்ரலில் கோவிட் பரவியபோது தனிமைப்படுத்தும் இடமாக அறிவித்து, உள்ளே இருந்தவர்களை உள்ளேயே வைத்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை, இரண்டு பேரும் ஒரே அகராதியைப் பார்த்திருப்பார்கள். ஊரில் லாட்ஜ் என்றால் வேலையாக வந்தவன் ராத்தங்குகிற இடம்; காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். இரண்டு இடத்துக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது. தங்கலாம், குடியிருக்க முடியாது.

அங்கிருந்து நாயை வீட்டுக்குக் கொண்டுவர டாக்சி கிடைக்கவில்லை. அதற்கென்றே ‘பெட் டாக்சி’ இருக்கிறது என்றார்கள். குளிர்சாதன வண்டி. பின் இருக்கையில் மெத்தை. நாயின் மார்பில் ஒரு பட்டை மாட்டி, அதை இருக்கை பெல்ட்டோடு இணைத்தார் ஓட்டுநர். “எமர்ஜென்சி பிரேக் போட்டா பாவம் தூக்கி அடிச்சிரும்” என்றார். நல்ல மனிதர். விரைவுச்சாலையில் எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு லாரி வந்தது. திறந்த பின்தட்டில் பத்துப் பதினைந்து பேர், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெல்ட் இல்லை, சிலர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு. மழை தூற ஆரம்பித்தது. மணி கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தது. அவர்களில் ஒருவன் விழித்திருந்தான். நாயைப் பார்த்துச் சிரித்தான்.

காரின் பின் இருக்கையில் நான் பெல்ட் போடாவிட்டால் அபராதம். லாரித் தட்டில் ஆள் ஏற்றுவது சட்டப்படி சரி. 2023-ல் பல அமைப்புகள் சேர்ந்து இதை நிறுத்துங்கள் என்று கேட்டன. வணிகச் சங்கங்கள் சேர்ந்து செலவு தாங்காது, பேருந்து கிடைக்காது, வீடு கட்டுவது தாமதமாகும் என்றன. அரசாங்கம் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டது. லாரிகள் இன்னும் ஓடுகின்றன. நாய்க்குப் பெல்ட் மாட்டச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை. அது தானாகவே நடந்தது. ஏனென்றால் நாய்க்குப் பின்னால் பணம் கொடுக்கும் நான் உட்கார்ந்திருந்தேன்.

கணக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் வருடத்துக்கு 15 வெள்ளி. கட்டுமானத் தொழிலாளி ஒருவனை வைத்திருக்க முதலாளி கட்டும் தீர்வை மாதத்துக்கு 500 முதல் 900 வெள்ளி வரை. போதாததற்கு 5,000 வெள்ளி பிணைத்தொகை. இவ்வளவு விலை உயர்ந்த பொருளை ஏன் மழையில் நனையவிடுகிறார்கள் என்பது பொருளாதாரம் படித்தவர்கள்தான் விளக்க வேண்டும். காவல்துறை மோப்ப நாய்களுக்கு ஓய்வு பெற்ற பிறகு வீவக வீட்டில் வாழ வழி செய்திருக்கிறார்கள். உழைத்த பிராணிக்கு நன்றி, சரியான காரியம். அந்த வீவக வீட்டைக் கட்டிய கைகளுக்குப் பர்மிட் முடிந்த அன்று விமானச் சீட்டு.

தம்பியைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிறு மாலை, தேக்கா. தொழிலாளர்கள் புல்தரையிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிற நேரம். நாயைக் கூட்டிக்கொண்டு போனது முட்டாள்தனம். கூட்டத்தில் அது மிரண்டு என் காலுக்குள் ஒட்டிக்கொண்டது. பின்னால் எங்கிருந்தோ ஒரு குரல்:

“மணீ!”

ஆறு மாதமாக நான் மோச்சி மோச்சி என்று கெஞ்சியும் காதைக்கூட ஆட்டாத நாய், தோல்வாரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. மூன்று காலில் அது அத்தனை வேகம் போகும் என்று எனக்குத் தெரியாது. அவன் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாய் அவன் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டது. அப்போதுதான் அது குரைத்து முதன்முதலாகக் கேட்டேன். பகல் வெளிச்சத்தில், முதலாளி யாரும் இல்லாத இடத்தில்.

இப்போது தம்பிக்கு வேலை துவாஸில். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் புளோக்குக்கு வருவான். வீட்டுக்கு வா என்றால் வர மாட்டான், “செருப்பெல்லாம் மண்ணுண்ணே.” கீழ்த்தளத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கு அவித்த கோழிக்கல்லீரல் ஊட்டுவான். அரை மணி நேரம். அவ்வளவுதான் நடந்தது. மூன்றாவது மாதம் லிப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெளியாட்கள் கீழ்த்தளத்தில் கூடுவது குறித்துக் குடியிருப்பாளர்களிடமிருந்து புகார் வந்திருக்கிறதாம், பொது இடத்தைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டுமாம். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரிக்கு வரி தேடினேன். நாய்க்கு உரிமம் இருக்கிறது, சில்லு இருக்கிறது, 42 சென்டிமீட்டர். அதைப் பற்றி என்ன புகார் சொல்ல முடியும்?

புகார் எழுதியவர், லிப்டில் நெஞ்சில் கை வைத்து உருகுகிறவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மூலைக்கு ஒதுங்குகிறவர்கள் எழுதியிருந்தால் நாயையும் சேர்த்திருப்பார்கள்.

அந்த அறிவிப்பைக் கிழித்தேன். பொதுச்சொத்துச் சேதம் என்று யாராவது புகார் கொடுக்கலாம்; என் வீட்டு எண் எல்லோருக்கும் தெரியும். தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குப் படிக்கத் தெரியும். அடுத்த மாதம் வரவில்லை. போன் செய்தால், “ஓவர்டைம்ணே” என்கிறான். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் மணியும் தேக்காவுக்குப் போகிறோம்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். மணியோடு பிறந்த இன்னொன்றைச் சொன்னேன் அல்லவா? அதன் பெயர் ராஜா. தம்பி வைத்த பெயர். அதே தளம், அதே ஊசிப்போன சாம்பார். அதையும் அதே பெண்கள்தான் மீட்டார்கள். கண்ணியில் மாட்டாத, சாதுவான, குழந்தைகளைக் கண்டால் மல்லாந்து படுத்துவிடுகிற நாய். அதையும் அதே நாடாவால் அளந்தார்கள். 58 சென்டிமீட்டர். வீவக வீட்டுக்குப் போக முடியாது. சுங்கை தெங்காவில் மூன்றாவது வருடமாகக் கம்பிக்குப் பின்னால் இருக்கிறது. தரைவீட்டிலோ கொண்டோமினியத்திலோ இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சனிக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். உங்களுக்குச் சட்டம் மூன்று நாய் வரை அனுமதிக்கிறது. ராஜாவுக்கு நான்கு காலும் நன்றாக இருக்கிறது. குறை என்று சொன்னால், மூன்று சென்டிமீட்டர் கூடுதல்.